ஒரு கணித அறிஞரின் வாழ்க்கைக் கணக்கு

முன்னுரை

எண்ணையும் எழுத்தையும் இரு கண்களாக மதித்தது தமிழர் கல்வி மரபு. வள்ளுவப் பெருந்தகை கல்வி அதிகாரத்தில் இவ்விரண்டையும் ஒருங்கே வைத்துப் பேசுகின்றார். ஆயினும் இன்றைய கல்லூரிகளில் கணிதத்துறை ஒரு கட்டடத்திலும் தமிழ்த்துறை மற்றொரு கட்டடத்திலும் இயங்குகின்றன. ஒன்றை மற்றொன்று எட்டிப் பார்ப்பது அரிது. தமிழ்த்துறை வெளியிடும் மலரில் கணித அறிஞர் ஒருவரைப் பற்றிய கட்டுரைக்கு இடம் யாது என்று வினவுவார்க்கு, இக்கட்டுரை பிறந்த கதையை முதலில் கூறிவிடுதல் நலம்.

பல ஆண்டுகளுக்கு முன், கணிதம் பயிலும் மாணவர்க்குப் பகுதி ஒன்று தமிழ் கற்பித்துக் கொண்டிருந்தோம். அன்றைய பாடம் யாப்பு. சீர்களுக்குரிய வாய்பாட்டைக் கரும்பலகையில் எழுதி முடித்தபோது, கடைசி இருக்கையிலிருந்து ஒரு மாணவர் எழுந்தார். பல்லடத்தை அடுத்த ஒரு சிற்றூரில் விசைத்தறி ஓட்டும் குடும்பத்தவர். "ஏனுங்க ஐயா, காலையில அந்தக் கணக்கு, இப்ப இந்தச் சீரு. இதையெல்லாம் படிச்சு என்னங்க ஆகப் போகுது? அந்த நேரத்துக்குத் தறியில நின்னா கூலியாச்சும் கைக்கு வருமுங்க" என்றார். அவர் குரலில் குறும்பு இல்லை, களைப்பு இருந்தது. இரவெல்லாம் தறியில் நின்றுவிட்டுக் காலையில் கல்லூரிக்கு வருபவர் என்பதைப் பின்னரே அறிந்தோம். நாம் கூறிய விடை, "தேர்வுக்கு வரும், படித்துக்கொள்ளுங்கள்" என்பதே. வகுப்பு சிரித்தது. அவர் அமர்ந்துவிட்டார். மறு ஆண்டு அவர் கல்லூரிக்கு வரவில்லை.

அவர் நின்றதற்குக் குடும்பச் சூழலே காரணம் என்று கேள்வியுற்றோம். எனினும் ஒரு மாணவர் உண்மையாகவே கேட்ட வினாவுக்கு விடை கூறாது விட்டோம் என்னும் எண்ணம் நம்மை விட்டு நீங்கவில்லை. அவ்வினாவைத் தம் முதுமையில் தமக்குத் தாமே எழுப்பிக்கொண்டு, விடையையும் எழுதிவைத்த கணித அறிஞர் ஒருவர் உண்டு. அவர் ஜி. எச். ஹார்டி. அவர்தம் சிந்தனைகளை ஆராய்வதும், அவற்றுள் கொள்ளத்தக்கன எவை, தள்ளத்தக்கன எவை என்று காண்பதுமே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஈரோடும் கேம்பிரிட்ஜும்

ஹார்டி நமக்கு முற்றிலும் அயலார் அல்லர். கொங்கு நாட்டு ஈரோட்டில், தாய்வழிப் பாட்டனார் இல்லத்தில், 1887ஆம் ஆண்டு திசம்பர் 22ஆம் நாள் பிறந்த சீனிவாச இராமானுசனை உலகறியச் செய்தவர் அவர். இராமானுசன் வளர்ந்தது கும்பகோணத்தில். எஃப்.ஏ. தேர்வில் தேறாது, சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தராகப் பணியாற்றிய காலத்தில், 1913 சனவரி 16 என்று நாளிட்டு அவர் ஹார்டிக்கு ஒரு மடல் எழுதினார். அதில் நூற்றுக்கு மேற்பட்ட தேற்றங்கள் இருந்தன, நிறுவல்கள் இல்லை. ஹார்டி தம் நண்பர் லிட்டில்வுட்டுடன் அமர்ந்து அவற்றை ஆராய்ந்தார். எழுதியவர் முதல்தரக் கணித அறிஞர் என்று துணிந்தார். 1914 மார்ச்சு 17ஆம் நாள் இராமானுசன் கப்பலேறினார். 1918இல் இராயல் கழகத்தின் உறுப்பினரானார். நோயுற்று 1919இல் தாயகம் திரும்பியவர், அவ்வாண்டில் சில காலம் காவிரிக்கரைக் கொடுமுடியில் தங்கினார். 1920 ஏப்பிரல் 26ஆம் நாள் சென்னையில் மறைந்தார். அப்போது அவருக்கு அகவை 32.

ஹார்டியோ 1877இல் பிறந்து எழுபது ஆண்டுகள் வாழ்ந்தவர். கேம்பிரிட்ஜிலும் ஆக்சுபோர்டிலும் பேராசிரியராக விளங்கியவர். மணம் செய்துகொள்ளாதவர், கணிதத்துக்கு அடுத்தபடி கிரிக்கெட் ஆட்டத்தில் பெருவிருப்புக் கொண்டவர், முதல் உலகப் போரை வெறுத்தவர். 1939இல் அவருக்கு மாரடைப்பு வந்தது. புதியன காணும் ஆற்றல் தம்மை விட்டு அகல்வதை உணர்ந்தார். 1940இல், பணி ஓய்வுக்கு ஈராண்டு முன்னர், தம் அறுபத்து மூன்றாம் அகவையில் ஒரு சிறு நூல் எழுதினார். கணிதவியலார் ஒருவரின் தன்னிலை விளக்கம் என்று அதன் பெயரைத் தமிழில் கூறலாம். சாக்ரட்டீசு நீதிமன்றத்தில் தம் வாழ்வுக்குத் தாமே வழக்குரைத்தது போன்று, ஒரு கணித அறிஞர் தம் வாழ்வுக்குத் தாமே வழக்குரைத்த நூல் அது.

அந்நூல் கூறுவன

அந்நூலின் கருத்துகளை நான்காகத் தொகுத்துக் காணலாம்.

முதலாவது, கணிதம் ஒரு கலை என்பது. ஓவியனும் புலவனும் போலக் கணிதவியலானும் கோலங்களைப் படைப்பவன்; ஓவியன் வண்ணத்தாலும் புலவன் சொல்லாலும் படைப்பதை அவன் கருத்துகளால் படைக்கின்றான்; அழகில்லாத கணிதம் நிலைபெறாது என்கிறார் ஹார்டி.

இரண்டாவது, கணித உண்மை மனிதனுக்குப் புறத்தே நிற்பது என்பது. கணிதவியலான் உண்மையைக் காண்கின்றான். அதனை அவன் உண்டாக்குவதில்லை என்பது அவர் துணிபு. இது பிளேட்டோவின் மெய்யியலைச் சார்ந்த கொள்கையாகும். இதில் வியப்புக்குரிய செய்தி ஒன்றுண்டு. ஹார்டி இறைமறுப்பாளர். இராமானுசனோ தம் தேற்றங்களை நாமக்கல் நாமகிரித் தாயாரின் அருளாகக் கருதியவர். நம்பிக்கையில் இரு துருவங்களாய் நின்ற இருவர், தம் மனவிருப்பத்துக்கு வளையாத உண்மை ஒன்று உண்டு என்னும் ஓரிடத்தில் ஒன்றுபட்டனர். ஐந்தாண்டுகள் அவ்வுண்மையைத் தேடி உடன் உழைத்தனர். பல சமயத்தார் ஒரே வகுப்பறையில் அமரும் நம் கல்லூரிகளுக்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

மூன்றாவது, தூய கணிதத்துக்கு நடைமுறைப் பயன் இல்லை என்பதும், அதனால் அது போருக்குத் துணைபோகாமல் தூய்மையாக இருக்கிறது என்பதும்.

நான்காவது, கணிதம் இளைஞர்க்கே உரியது என்பது. புதிதாகக் கண்டறிவதே முதல்தரப் பணி. பிறர் கண்டதை விளக்கி எழுதுவது இரண்டாந்தர அறிவுடையோர் செய்வது என்று அவர் கடுமையாகவே உரைக்கின்றார்.

இந்நான்கனுள் முதலிரண்டையும் நாம் உவந்து ஏற்கலாம். பின்னிரண்டும் ஆராய்ச்சிக்குரியன.

அழகு என்பது யாது

கணிதத்தில் அழகு எவ்வாறு இருக்கும் என்று இலக்கிய மாணவர் ஐயுறலாம். ஹார்டி தம் நூலில் எடுத்துக்காட்டும் நிறுவல்களுள் ஒன்றை ஈண்டு நம் நடையில் காண்போம். அது யூக்ளிடு சற்றேறக்குறைய 2300 ஆண்டுகளுக்கு முன் தந்தது.

2, 3, 5, 7, 11, 13 போல, ஒன்றாலும் தன்னாலும் அன்றி வேறோர் எண்ணால் மீதியின்றி வகுபடாதவை பகா எண்கள். இவற்றுக்கு முடிவு உண்டா? உண்டு என்று ஒருவர் சொல்லி, உள்ள பகா எண்கள் அனைத்தையும் ஒரு பட்டியலாகத் தருகிறார் என வைத்துக்கொள்வோம். அப்பட்டியலில் உள்ளவற்றை எல்லாம் ஒன்றோடொன்று பெருக்கி, வரும் தொகையுடன் ஒன்றைக் கூட்டுவோம். இப்புதிய எண்ணைப் பட்டியலில் உள்ள எந்த எண்ணால் வகுத்தாலும் ஒன்று மீதி நிற்கும். எனவே, இப்புதிய எண் தானே ஒரு பகா எண்ணாதல் வேண்டும். அன்றேல், பட்டியலில் விடுபட்ட பகா எண் ஒன்றால் வகுபடுதல் வேண்டும். எவ்வாறாயினும் பட்டியல் முழுமையானதன்று.

2, 3, 5, 7 ஆகியவற்றைப் பெருக்கி ஒன்று கூட்டினால் 211. அது பகா எண். 13 வரை பெருக்கி ஒன்று கூட்டினால் 30031. அது 59ஐ 509ஆல் பெருக்கிய தொகை. அவ்விரண்டும் நாம் தந்த பட்டியலில் இல்லாதவை. ஆகவே பகா எண்களுக்கு முடிவில்லை. கருவி வேண்டா, பொருட்செலவு வேண்டா. நான்கைந்து வரிகளில் மனித மனம் முடிவின்மையைத் தொட்டுவிடுகிறது. இதுவே ஹார்டி கூறும் அழகு.

அன்று கரும்பலகையில் நாம் எழுதிய யாப்பு வாய்பாட்டிலும் இவ்வழகு இருந்தது. நாம்தான் அதனைக் காட்டத் தவறினோம். தமிழ்ச் செய்யுளின் அசை இரண்டே: நேர், நிரை. ஓரசையால் ஆகும் சீர் இரண்டு. ஈரசை சேரின் தேமா, புளிமா, கூவிளம், கருவிளம் என நான்கு. மூவசை சேரின் எட்டு. நாலசை சேரின் பதினாறு. ஆகச் சீர் முப்பது. இரண்டு பொருள்களை எத்தனை வரிசையில் நிறுத்தலாம் என்னும் கணக்கை ஒன்றும் விடாது எண்ணி, ஒவ்வொன்றுக்கும் மரத்தின் பெயரும் மலரின் பெயரும் இட்டு வைத்த இலக்கணிகள் கணிதம் அறியாதவர்களாக இருந்திருக்க இயலாது. பாவு நூலின் மேலும் கீழும் ஊடை நூல் செல்லும் ஒழுங்கினால்தான் துணியில் கோலம் பிறக்கிறது. தறியில் நிற்கும் ஒருவருக்கு இதனை விளக்க வேறு உவமையே வேண்டியதில்லை.

இராமானுசனும் ஹார்டியும் இணைந்து கண்ட பெருஞ்செயல் ஒன்றும் இத்தகைய எளிய வினாவிலிருந்தே பிறந்தது. நான்கு நாணயங்களை எத்தனை விதமாகக் குவியலாகப் பிரிக்கலாம்? நான்கும் ஒன்றாக, மூன்றும் ஒன்றும், இரண்டும் இரண்டும், இரண்டும் ஒன்றும் ஒன்றும், நான்கும் தனித்தனியாக. ஐந்து விதம். பத்து நாணயமாயின் 42 விதம். நூறாயின் 19 கோடியைத் தாண்டும். இருநூறாயின் 3,972,999,029,388 விதம். இதனை எண்ணிப் பாராமலே அளவிட்டறியும் வழியை அவ்விருவரும் 1918இல் வெளியிட்டனர். மக்மாகன் என்னும் அறிஞர் கையால் கணக்கிட்டு வைத்திருந்த விடையுடன் அது பொருந்தி நின்றது.

பயன் என்னும் வினா

தம் கணிதம் உலகுக்கு எவ்வகையிலும் பயன்படவில்லை என்று ஹார்டி எழுதினார். அதில் ஒருவகைப் பெருமிதமும் இருந்தது. காலம் அவரை மறுத்தது. 1908இல் அவர் எழுதிய ஒரு சிறு குறிப்பு, ஹார்டி-வைன்பெர்க் விதி என்ற பெயரில் மரபியலின் அடிப்படைகளுள் ஒன்றாயிற்று. பயனற்றது என்று அவர் போற்றிய எண்ணியல், 1977இல் ரிவெஸ்ட், ஷமீர், ஆடில்மன் ஆகிய மூவர் கண்ட மறைமொழி முறைக்கு அடித்தளமாயிற்று. மேலே கண்ட பகா எண்கள் அம்முறையில் நம் பணத்துக்கும் மடலுக்கும் காவல் நிற்கின்றன. எண்ணியலைப் போன்றே சார்பியல் கொள்கையும் போருக்கு உதவாது என்று அவர் 1940இல் எழுதினார். ஐந்தே ஆண்டுகளில் அணுகுண்டு வீழ்ந்தது. அதனைக் கண்ட பின்னரும் அவர் இரண்டாண்டு உயிர்வாழ்ந்தார்.

இதற்கு நேர்மாறான தொடக்கம் உடையது இயற்கணிதம். ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அல்குவாரிஸ்மி தம் நூலின் முகப்பிலேயே, மக்கள் பாகப்பிரிவினை, மரண சாசனம், வணிகம், நிலமளத்தல், கால்வாய் வெட்டுதல் ஆகியவற்றில் எதிர்கொள்ளும் கணக்குகளுக்காகவே அதனை எழுதுவதாகக் கூறுகின்றார். நூலின் பெரும்பகுதி சொத்துப் பங்கீட்டுக் கணக்குகளே. அந்நூலின் பெயரில் உள்ள 'அல்ஜபர்' என்னும் சொல்லே 'அல்ஜீப்ரா' ஆயிற்று. ஆசிரியரின் பெயரே இன்று கணிப்பொறியாளர் வாயில் 'அல்காரிதம்' என்று வழங்குகிறது. இந்திய எண்முறையை மேலைநாட்டார் கற்றதிலும் அவரது வேறொரு நூலின் இலத்தீன் மொழிபெயர்ப்புக்குப் பெரும்பங்கு உண்டு. பங்காளிகளின் வழக்கைத் தீர்க்க எழுந்த கணக்கு, காலப்போக்கில் தூய அறிவாக மலர்ந்தது. தூய அறிவாக எழுந்த எண்ணியல், காலப்போக்கில் கடைத்தெருவுக்கு வந்தது.

இவ்விரு வரலாறுகளையும் ஒருசேர நோக்கின், ஓர் அறிவின் பயனை அதனைக் கற்கும் நாளிலேயே அளந்துவிட இயலாது என்பது தெளிவாகும். தறியில் நின்றால் மாலையில் கூலி வரும் என்று மாணவர் கூறியது முற்றிலும் மெய். உழைப்பின் கூலியை இழிவாக எண்ணுவார் கல்வியைப் பற்றிப் பேசத் தகுதியற்றவர். ஆனால் கூலிக்குக் கெடு ஒருநாள். கல்விக்குக் கெடு ஒரு தலைமுறை. இதனை அறிந்துகொண்டே பெற்றோர் தறியோட்டிப் பிள்ளைகளைப் படிக்க வைக்கின்றனர்.

முதுமையின் துயரம்

ஹார்டியின் நூல் அழகியது; ஆனால் துயரமானது. புதியன காணும் திறன் போனபின் கணிதவியலானுக்கு வாழ்வில் பொருள் இல்லை என்னும் எண்ணம் அதனூடே இழையோடுகிறது. அந்த எண்ணம் எழுத்தோடு நின்றுவிடவில்லை. 1947ஆம் ஆண்டு அவர் மாத்திரைகளை விழுங்கித் தம் உயிரைப் போக்கிக்கொள்ள முயன்றார். பிழைத்தார். உடன்பிறந்த சகோதரி அருகிருந்து கிரிக்கெட் வரலாற்றைப் படித்துக் காட்ட, இறுதி நாள்களைக் கழித்தார். அவ்வாண்டு திசம்பர் முதல் நாள், இராயல் கழகத்தின் உயரிய காப்லி பதக்கம் அவருக்கு வழங்கப்படவிருந்த அன்றே, உயிர் நீத்தார்.

இத்தகைய பேரறிஞர் ஏன் இவ்வாறு மனமுடைந்தார்? உடல்நோய் ஒரு காரணம். அதனை நாம் மறத்தலாகாது. எனினும் அவர் கைக்கொண்ட அளவுகோலும் ஒரு காரணம் என்பது நம் துணிபு. கண்டுபிடித்தல் ஒன்றையே அவர் வரவில் வைத்தார். கற்பித்தல், விளக்குதல், பிறரை வளர்த்தல் ஆகியவற்றைக் கணக்கில் மிகக் குறைத்தே எழுதினார். வரவைக் குறைத்து எழுதிய கணக்கு, இறுதியில் நட்டமாகவே தோன்றியது.

அவர் வாழ்வே கூறும் விடை

ஹார்டியின் கூற்றை மறுக்க நாம் வேறெங்கும் செல்லவேண்டியதில்லை. அவர் வாழ்வே அதனை மறுக்கின்றது. விளக்கி எழுதுவதை இரண்டாந்தரம் என்றவர், 1908இல் மாணவர்க்கென ஒரு தூய கணிதப் பாடநூல் எழுதினார். 1938இல் ரைட்டுடன் சேர்ந்து எண்ணியலுக்கு ஓர் அறிமுக நூல் எழுதினார். இரண்டும் அவர் காலத்துக்குப் பின்னும் தலைமுறை தலைமுறையாகப் பயிலப்பட்டு வருகின்றன. தன்னிலை விளக்கம் வெளிவந்த அதே 1940இல், இராமானுசனின் பணியை விளக்கும் பன்னிரு சொற்பொழிவுகளையும் நூலாக்கினார். மறைந்த நண்பரின் ஆய்வுகளைத் திரட்டி 1927இல் பதிப்பித்தவர்களுள் அவரும் ஒருவர். இவை யாவும் அவர் இரண்டாந்தரம் என்று ஒதுக்கிய பணிகளே.

கணிதத்துக்குத் தாம் ஆற்றிய மிகப்பெரிய தொண்டு இராமானுசனைக் கண்டறிந்ததே என்று ஹார்டி கூறியதாக அங்கேரியக் கணித அறிஞர் பால் எர்டிஷ் குறிப்பிட்டுள்ளார். இயல்பான திறனுக்கு மதிப்பெண் இட்டபோது ஹார்டி தமக்கு 25, லிட்டில்வுட்டுக்கு 30, ஹில்பர்ட்டுக்கு 80, இராமானுசனுக்கு 100 என வழங்கினாராம். நம் தேர்வுமுறையில் 25 தேர்ச்சியன்று. ஆனால் அந்த 25 இல்லையேல் அந்த 100 உலகுக்குத் தெரிந்திராது. தன்னிலை விளக்கத்தின் முடிவிலும், அறிவுக்குத் தாம் சிறிது சேர்த்ததோடு பிறர் மேலும் சேர்க்கவும் உதவியதையே தம் வாழ்வுக்கான நியாயமாக அவர் முன்வைக்கின்றார். நூல் முழுதும் கண்டுபிடித்தலைப் போற்றியவர், முடிவில் உதவியதையும் சேர்த்துக்கொள்ள வேண்டியிருந்தது என்பது ஊன்றி நோக்கத்தக்கது.

ஹார்டிக்கு முன்னரும் இராமானுசனைத் தாங்கிய கைகள் பல. இந்தியக் கணிதக் கழகத்தைத் தோற்றுவித்த துணை ஆட்சியர் வி. இராமசாமி ஐயரிடம் இராமானுசன் வேலை கேட்டுச் சென்றார். குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்த அவர், இத்திறனை வருவாய்த்துறை எழுத்தர் வேலையில் அடைத்துவிடலாகாது எனக் கருதி, சென்னையில் கணிதம் அறிந்தாரிடம் அனுப்பினார். நெல்லூர் ஆட்சியர் இராமச்சந்திர ராவ் தம் கைப்பொருளிலிருந்து மாதம் 25 ரூபாய் கொடுத்தார். துறைமுகக் கழகத்து நாராயண ஐயர் இரவில் உடனிருந்து அவர் கணக்குகளைப் படித்தார். இறுதி ஆண்டில் இராமானுசன் எழுதிய தாள்களும் இவ்வாறே கைமாறின. சென்னைப் பல்கலைக்கழகம் அவற்றை 1923இல் ஹார்டிக்கு அனுப்பியது. அவர் வழியே வாட்சனிடம் சென்றன. வாட்சன் மறைந்தபின் டிரினிட்டிக் கல்லூரி நூலகம் புகுந்தன. 1976இல் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் கண்ணில் பட்டன. இத்தொடரில் ஒரு கை அவற்றைக் குப்பையென்று வீசியிருப்பினும் அச்செல்வம் நமக்கில்லை.

தமிழ்நாட்டு முதியோர் இருவர்

ஓய்வுக்காலத்தை ஹார்டியினும் வேறாகக் கண்டவர்கள் நம் நாட்டிலேயே உண்டு.

காஞ்சிபுரத்தில் 1932இல் பிறந்த சி. எஸ். சேஷாத்திரி, சென்னை இலயோலாக் கல்லூரியில் பிரெஞ்சு நாட்டுப் பாதிரியார் ராசின் என்பாரிடம் கணிதம் பயின்றவர். பம்பாய் டாட்டா ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றி, எம். எஸ். நரசிம்மனுடன் இணைந்து 1965இல் வெளியிட்ட தேற்றத்தால் உலகப் புகழ் பெற்றார். நரசிம்மனும் அதே ராசின் பாதிரியாரின் மாணவரே. புகழின் உச்சியில் இருந்த சேஷாத்திரி, பலர் ஓய்வை எண்ணத் தொடங்கும் ஐம்பத்தேழாம் அகவையில், 1989இல், சென்னையில் ஒரு சிறு கணிதப் பள்ளியைத் தொடங்கினார். ஆய்வாளரே இளங்கலை மாணவர்க்கும் கற்பிக்க வேண்டும் என்பது அதன் கொள்கை. அதுவே இன்று சிறுசேரியில் இயங்கும் சென்னை கணிதவியல் நிறுவனம். கருநாடக இசையிலும் தேர்ந்தவராகிய அவர், கணிதத்தையும் பாட்டையும் இறுதிவரை கைவிடாது 2020 சூலை 17ஆம் நாள் மறைந்தார்.

மற்றவர் பி. கே. சீனிவாசன். சென்னை முத்தியாலுப்பேட்டை உயர்நிலைப்பள்ளியில் கணித ஆசிரியர். பெருந்தேற்றம் எதுவும் அவர் பெயரில் இல்லை. இராமானுசனை அறிந்தவர்கள் உயிருடன் இருந்த காலத்திலேயே அவர்களிடமிருந்து மடல்களையும் நினைவுகளையும் திரட்டி, 1968இல் இரு தொகுதிகளாக வெளிவரச் செய்தார். இன்று இராமானுசன் வரலாற்றை எழுதுவோர் அனைவரும் அவ்வாசிரியருக்குக் கடன்பட்டவர்கள். சென்னை இராயபுரத்தில் 1993இல் உருவான இராமானுசன் அருங்காட்சியகத்தில், எளிய குடும்பத்துக் குழந்தைகளுக்குத் தாள்மடித்தும் கல்லடுக்கியும் கணிதம் காட்டினார். 2005இல் மறையும்வரை அவர் ஓய்வு பெற்றவராக நடந்துகொள்ளவில்லை.

ஹார்டியின் அளவுகோலில் இவ்விருவருள் முன்னவர் முதல்தரம், பின்னவர் இரண்டாந்தரம். நம் அளவுகோலில் இருவரும் ஒரே சங்கிலியின் கண்ணிகள்.

தொடரும் அறம்

ஒரு மனிதர் இறந்தபின்னும் அவருக்கு நன்மை சேர்க்கும் செயல்கள் மூன்று என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அருளினார்கள். நிலைத்த தருமம், பயன்தரும் கல்வி, பெற்றோருக்காக வேண்டும் நன்மக்கள் என்பன அவை. இம்மூன்றனுள் கல்வி நடுவே நிற்பது எண்ணத்தக்கது. கிணறு வெட்டியவர் மறைந்தாலும் நீர் இறைப்பார் உண்டு. அதுபோன்றே கற்பித்தவர் மறைந்தாலும் கற்றார் பிறர்க்குக் கற்பிக்கும் காலமெல்லாம் கணக்கு முடிவதில்லை.

இதனோடு ஒரு வரலாற்றுச் செய்தியையும் இணைத்துக் காண்போம். 973இல் குவாரிஸ்மில் பிறந்து, இந்திய நாட்டின் கல்வியையும் சமயங்களையும் ஆராய்ந்து எழுதிய அல்பிரூனி, கணிதத்திலும் வானியலிலும் வல்லவர். அவர் மரணப்படுக்கையில் மூச்சுத் திணறிக் கிடந்தபோது சட்ட அறிஞர் ஒருவர் காண வந்தார். பாட்டியர்க்குரிய வாரிசுப் பங்கு பற்றி முன்பு ஒருநாள் அவர் சொல்லிய கணக்கை மீண்டும் விளக்குமாறு அல்பிரூனி வேண்டினார். இந்நிலையிலா என்று வந்தவர் இரங்கினார். அதனை அறியாமல் போவதினும் அறிந்து போவது மேலன்றோ என்று அல்பிரூனி மறுமொழி பகர்ந்தாராம். அறிஞர் விளக்கினார், கேட்டுத் திருப்பிச் சொன்னார் அல்பிரூனி. விடைபெற்று வெளியே வந்த அறிஞர் தெருவில் நடக்கும்போதே வீட்டினுள் அழுகுரல் எழுந்தது என்று யாகூத் என்னும் ஆசிரியர் எழுதிவைத்துள்ளார்.

ஹார்டியின் முதுமையையும் அல்பிரூனியின் இறுதியையும் அருகருகே வைத்து நோக்குவார்க்கு வேறுபாடு விளங்கும். முன்னவர் இனித் தம்மால் புதிது காண இயலாதே என்று வருந்தினார். பின்னவர் இன்னும் ஒன்று கற்க நேரம் இருக்கிறதே என்று மகிழ்ந்தார். கற்பதும் கற்பிப்பதும் இறுதி மூச்சுவரை இயலும் செயல்கள். அவற்றை வாழ்வின் பொருளாகக் கொண்டவர்க்கு முதுமை இழப்பாவதில்லை.

நிறைவுரை

கணிதம் ஒரு கலை, அதன் உண்மை நம் விருப்பத்துக்கு வளையாதது என்று ஹார்டி கூறியதை ஏற்கின்றோம். கண்டுபிடித்தல் ஒன்றே வாழ்வின் பொருள் என்றதை, அவர் வாழ்வையே சான்றாகக் கொண்டு மறுக்கின்றோம். கண்டவர், கண்டதைக் காத்தவர், விளக்கியவர், அடுத்த தலைமுறையின் கையில் கொடுத்தவர் ஆகிய அனைவரின் வாழ்வும் பொருளுடைய வாழ்வே.

இது முதல் வகுப்பினர்க்கு மட்டும் உரிய ஆறுதலன்று. மாணவர்களே, நீங்கள் அனைவரும் இராமானுசன் ஆக வேண்டுவதில்லை. கற்றது ஒன்றை உங்கள் வீட்டுப் பிள்ளைக்குத் தெளிவாகச் சொல்லித்தரும் ஒருவராக இருப்பினும் இத்தொடரில் உங்களுக்கு இடமுண்டு. ஆசிரியர்களாகிய நாம், வகுப்பில் எழும் வினாவைத் தேர்வைக் காட்டி அடக்காதிருப்போமாக. ஊரில் ஓய்வுபெற்று வாழும் ஆசிரியப் பெருமக்களும் கணக்கறிந்த வணிகப் பெரியோரும் அந்தி வேளைகளில் ஒரு மணி நேரம் ஒதுக்கி, பள்ளிவாசல் வளாகத்திலோ நூலகத்திலோ தம் வீட்டுத் திண்ணையிலோ பிள்ளைகளை அமர்த்திச் சொல்லிக்கொடுத்தால், அதனினும் சிறந்த தருமம் இல்லை.

அன்று வினா எழுப்பிய மாணவர் இன்று பல்லடம் வட்டாரத்தில் சொந்தமாகத் தறி நடத்துகின்றார். நல்ல நிலையில் இருக்கின்றார். நாம் சொல்லாது விட்ட விடை இதுதான்: தம்பி, இதைப் படித்தால் உமக்கு என்ன ஆகும் என்பதை எம்மால் இன்று கூற இயலாது, ஆனால் இது உம் கைக்கு வருவதற்குப் பலர் உழைத்திருக்கின்றனர், உமக்குப் பின் வருவோர்க்கு இதனைக் கொடுக்க உமக்கு உரிமை உண்டு. காலம் கடந்த விடையாயினும், வேறொரு கடைசி இருக்கையில் அமர்ந்திருக்கும் மாணவர்க்கு இது உரிய காலத்தில் சென்று சேர எல்லாம் வல்ல இறைவன் அருள்புரிவானாக.